குட்டி ‘ப்யூர்’ தானா? நாய்க்குட்டி வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் குட்டி தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எட்டு வாரக் குட்டியின் முகத்தைப் பார்த்து ‘இது கலப்பு’ என்று சில சமயம் சொல்லிவிடலாம். ‘இதில் கலப்பே இல்லை’ என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதற்குத் தாய், தோலுக்கடியில் போடும் மைக்ரோசிப் (‘சிப்’), வம்சாவளிச் சான்றிதழ் (‘செர்ட்’) மூன்றும் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் ப்யூரா மிக்ஸா என்று சொல்ல முடியுமா?

முடியாது. படத்தில் அளவு தெரியாது, எடை தெரியாது, எலும்பின் கனம் தெரியாது. குளிப்பாட்டி, முடியை ஊதி உலர்த்தி, மேலிருந்து படமெடுத்தால் பாதிக் குட்டிகள் பொமரேனியன் போலத்தான் இருக்கும். அதே படம் மூன்று விற்பனையாளர்களிடம் சுற்றிக்கொண்டிருப்பதும் சாதாரணம்.

படத்துக்குப் பதில் வீடியோ கேளுங்கள், வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது: குட்டிகள் தாயிடம் பால் குடிப்பது, உங்களுக்கு என்று சொன்ன குட்டியைத் தூக்குவது, அதன் தோளில் ஸ்கேனரை வைத்து எண் திரையில் வருவது. உண்மையான வளர்ப்பாளருக்கு இது இரண்டு நிமிட வேலை. ‘இப்ப முடியாது பாஸ், குட்டி வேற இடத்துல இருக்கு’ என்று பதில் வந்தால் அந்தக் குட்டி அவர் கையில் பிறந்ததல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

‘ப்யூர்’ என்பதற்கு என்னதான் அர்த்தம்?

தாய், தகப்பன் இரண்டும் ஒரே இனம், அவற்றின் தாய் தகப்பனும் அதே இனம், இந்த வரிசை ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அவ்வளவுதான். அதாவது இது குட்டியின் தோற்றத்தைப் பற்றிய சொல் இல்லை, பெற்றோரைப் பற்றிய சொல். ப்யூர் என்றால் ஆரோக்கியம் என்றும் அர்த்தமில்லை. நல்ல செர்ட் உள்ள குட்டிக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரும்.

மலேசியாவில் அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது எம்கேஏ என்று எல்லாரும் சொல்கிற மலேசியக் கென்னல் சங்கம், தலைமையகம் கோலாலம்பூரில். உலகக் கூட்டமைப்பான எஃப்சிஐ ஒரு நாட்டுக்கு ஒரு சங்கத்தைத்தான் உறுப்பினராகச் சேர்க்கும். இங்கே அது எம்கேஏ. வேறு பெயரில் அழகாக அச்சடித்த செர்ட் காட்டினால், அந்தச் சங்கத்தை எஃப்சிஐ ஏற்கிறதா என்று கேளுங்கள். தங்க முத்திரை ஒட்டிய காகிதம் எந்த அச்சகத்திலும் கிடைக்கும்.

எம்கேஏ செர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். எதை எதோடு ஒப்பிட வேண்டும்?

அவசரப்படாமல் உட்கார்ந்து, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படியுங்கள். பார்க்க வேண்டியது ஐந்து: மைக்ரோசிப் எண், பால் (ஆணா பெண்ணா), நிறம், பிறந்த தேதி, தாயின் பெயர்.

ஏமாற்று பெரும்பாலும் போலிச் செர்ட்டில் நடப்பதில்லை. செர்ட் அசலாகவே இருக்கும், ஆனால் வேறொரு நாயுடையது. இறந்துபோன குட்டியின் செர்ட்டோ, இன்னொரு வீட்டுக்கு விற்ற குட்டியின் செர்ட்டோ இந்தக் குட்டியின் கழுத்தில் தொங்கவிடப்படும். அதனால்தான் சில்லறை விவரங்களில் மாட்டிக்கொள்கிறார்கள்: செர்ட்டில் பெண் என்று இருக்கும், தூக்கிப் பார்த்தால் ஆண். செர்ட்டில் சேபிள் (நுனி கறுத்த பழுப்பு முடி), மடியில் இருப்பது வெள்ளை. (சில இனங்களில் குட்டி நிறம் மாறும் என்பது உண்மை. சேபிள் வெளுத்து ஆரஞ்சு ஆகலாம். கறுப்பு வெள்ளையாகாது.)

தேதிகளையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். நாயின் கர்ப்பம் ஏறக்குறைய 63 நாள். பெண் நாய்க்கு முதல் பருவம் பொதுவாக 6 மாதத்துக்கு மேல்தான். தாயின் செர்ட் நகலையும் கேட்டு வாங்கி, அதன் பிறந்த தேதிக்கும் குட்டியின் பிறந்த தேதிக்கும் இடையில் 8 மாதம்கூட இல்லை என்றால், இரண்டில் ஒரு காகிதம் பொய். அதே தாய்க்கு மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஈத்து (பிரசவம்) காட்டினாலும் அப்படித்தான்.

கடைசியாக, பதிவு எண்ணையும் சிப் எண்ணையும் படமெடுத்து எம்கேஏ அலுவலகத்திடமே கேட்டுச் சரிபாருங்கள். விற்பவர் கொடுக்கும் ‘சங்கத்து ஆளு நம்பர்’ வேண்டாம். சங்கத்தின் எண்ணை நீங்களே தேடி எடுங்கள். பதிவான உரிமையாளர் யார் என்பதும் முக்கியம். பெயர் மாற்றம் செய்ய அவருடைய கையெழுத்து வேண்டும். விற்பவர் வேறு, செர்ட்டில் உள்ள பெயர் வேறு என்றால் அந்தக் கையெழுத்து எங்கிருந்து வரும் என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

மைக்ரோசிப்பை எப்படிச் சரிபார்ப்பது?

அரிசி மணி அளவு, ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். உள்ளே பேட்டரி கிடையாது. ஸ்கேனர் அனுப்பும் அலையில் உயிர் பெற்று 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும்.

ஸ்கேனரைத் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு ‘பீப்’ சத்தம் வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சத்தம் முக்கியமில்லை, எண் முக்கியம். செர்ட்டைப் பக்கத்தில் வைத்து 15 இலக்கத்தையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் ஒப்பிடுங்கள். ஒரே ஈத்தின் சிப்புகள் ஒரே பெட்டியிலிருந்து வந்தால் கடைசி ஒன்றிரண்டு இலக்கம் மட்டுமே வேறுபடும். ‘முன்னாடி எல்லாம் சரியா இருக்கு’ என்று விட்டுவிட்டால் அண்ணன் குட்டியின் செர்ட்டோடு தம்பி வீட்டுக்கு வருவான்.

எண் வரவில்லையா? ஸ்கேனரை மெதுவாக, பாம்பு நெளிவது போல, கழுத்திலிருந்து இரண்டு தோள், முன்னங்கால் முட்டி வரை கொண்டுபோங்கள். சிப் நகர்ந்திருக்கலாம். அப்படியும் இல்லை என்றால் சிப் இல்லை.

சிப் பெட்டியோடு பார்கோடு ஸ்டிக்கர்கள் வரும். தடுப்பூசி அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் சிப் குட்டிக்குள் இருக்கிறது என்றாகாது. ‘சிப் பாக்கெட்ல இருக்கு அண்ணே, குட்டி இன்னும் சின்னது, அப்புறம் போட்டுக்கலாம்’ என்று பிரிக்காத ஊசியைக் கையில் கொடுப்பவர்களும் உண்டு. அந்த ஊசி எந்த நாயிலும் ஏறும், உங்கள் பக்கத்து வீட்டு நாய் உட்பட.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பெரும்பாலான வெட் (கால்நடை மருத்துவர்) கிளினிக்கில் ஸ்கேனர் இருக்கும். ஆகவே குட்டியை ஒப்படைக்கும் இடத்தை ஒரு கிளினிக் வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது.

‘செர்ட் மூணு மாசத்துல வரும்’ என்கிறார்களே?

வரக்கூடும். ஈத்தைப் பதிவு செய்து காகிதம் கைக்கு வர நாள் பிடிக்கும் என்பது நியாயமான பேச்சு. ஆனால் பதிவுக்குச் சிப் வேண்டும், ஆகவே சிப் இன்றைக்கே இருக்க வேண்டும். எண்ணும் இன்றைக்கே தெரிய வேண்டும். தாய் தகப்பன் இருவரின் செர்ட் நகலும் இன்றைக்கே கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘செர்ட் வந்ததும் மிச்சம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முழுப்பணமும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களில் பலர் நான்காவது மாதத்தில் நீல டிக் மட்டும் பார்க்கிறார்கள்.

செர்ட் இல்லை, ஆனால் விலை பாதி. ப்யூராக இருக்க வாய்ப்பே இல்லையா?

இருக்கலாம். வீட்டில் இரண்டு ஷிட்சு வைத்திருப்பவர், பதிவு செய்கிற வேலைக்குப் போகாமல் குட்டிகளைக் கொடுத்துவிடுவது நடக்கிறதுதான். குட்டி ப்யூர்தான், ஆனால் நிரூபிக்க முடியாத ப்யூர். துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்றால் அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் விலை அந்த அளவுக்கே இருக்க வேண்டும். ‘செர்ட் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்’ என்பது வேறு கதை. செர்ட் உள்ள குட்டிக்கு செர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள விற்பவருக்கு என்ன காரணம்? அந்தக் காகிதம் இன்னொரு குட்டிக்குத் தேவைப்படுகிறது என்பதைத் தவிர நல்ல காரணம் எதுவும் நமக்குத் தோன்றவில்லை.

தாயைக் காட்டினார்கள். அது உண்மையில் தாய்தானா?

தாயை மல்லாத்திப் பாருங்கள், அல்லது அது நிற்கும்போது குனிந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிகளின் தாய்க்கு மடி இன்னும் தொங்கும், காம்புகள் நீண்டு தடித்திருக்கும், அவற்றைச் சுற்றி முடி உதிர்ந்திருக்கும், குட்டிகளின் நகக் கீறல்கூட இருக்கும். பொதுவாகவே முடி கொட்டி மெலிந்து, கொஞ்சம் அலங்கோலமாக இருக்கும். பார்லரிலிருந்து வந்தது போலப் பளபளக்கும், வயிறு ஒட்டிய நாயைக் காட்டி ‘இதுதான் அம்மா’ என்றால் அது காட்சிக்கு வைத்த அம்மா. குட்டியைக் கீழே விட்டதும் அது காம்பைத் தேடி ஓடுகிறதா, அந்த நாய் முகர்ந்து நக்குகிறதா அல்லது உறுமி விலகுகிறதா என்று கவனியுங்கள்.

தகப்பன் அங்கே இல்லாமல் இருப்பது சந்தேகத்துக்குரியதல்ல. பெண் நாயை வெளியே ‘ஸ்டட்’ எனப்படும் ஆண் நாயிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வழக்கம். அதன் செர்ட் நகல் போதும்.

பெற்றோரின் நிறத்தை வைத்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. சில குணங்கள் ஒடுங்கிய மரபணுவில் வருபவை, அதாவது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிபவை. பெற்றோர் இருவரிடமும் அது இருந்தால் குட்டியிடம் வேறொன்று வர வழியில்லை.

மஞ்சள் லாப்ரடோர் இரண்டுக்கும் பிறப்பது எல்லாம் மஞ்சளே. அந்த ஈத்தில் ஒரு கறுப்புக் குட்டி இருந்தால் தகப்பன் வேறு. சாக்லேட் லாப்ரடோர் இரண்டுக்குக் கறுப்பு பிறக்காது (மஞ்சள் பிறக்கலாம்). பழுப்பு பூடல் இரண்டுக்கும் அதே விதி. நீள முடியும் அப்படித்தான்: கோல்டன் ரிட்ரீவர் இரண்டுக்குக் குட்டை முடிக் குட்டி பிறந்தால் வேலி தாண்டி யாரோ வந்து போயிருக்கிறார்கள். மாறாக, கறுப்பு லாப்ரடோர் இரண்டுக்கு மஞ்சள் குட்டி பிறப்பது முழுக்கச் சாத்தியம். அதைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

வேலி தாண்டியவரைப் பற்றி இன்னொன்று. பெண் நாய் ஒரே பருவத்தில் இரண்டு ஆணோடு சேர்ந்தால் ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் பிள்ளைகள் பிறக்கலாம். நான்கு குட்டி ப்யூர், இரண்டு கம்பத்து நாய் (தெருவில் திரியும் நாட்டு நாய்) வாரிசு. ஆகவே ‘அண்ணன் குட்டி ஷோவில் ஜெயிச்சது’ என்பது தம்பிக்குச் சான்றாகாது.

இனம் இனமாகச் சொல்லுங்கள். இங்கே அதிகம் விற்கும் குட்டிகளில் எதைப் பார்ப்பது?

பொமரேனியன்தான் அதிகம் ஏமாற்றப்படும் இனம். விற்கப்படும் ‘வெள்ளைப் பொம்’ பல, ஜப்பானிய ஸ்பிட்ஸ் அல்லது பொம்-ஸ்பிட்ஸ் கலப்பு. எடை போடுங்கள், சமையலறைத் தராசு போதும். எட்டு வாரத்தில் பொம் ஒரு கிலோ சுற்றுவட்டாரத்தில் இருக்கும். 2 கிலோவைத் தாண்டினால் அது பொமாக இருக்க வாய்ப்பு குறைவு. மூக்குத் தண்டு நீளமாகவும் காது பெரிதாக, அகலம் விட்டும் இருந்தால் அதே முடிவு. எஃப்சிஐ வரையறையில் வளர்ந்த பொம் 24 சென்டிமீட்டர் உயரத்துக்குள்தான்.

பூடலில் முகத்தைப் பாருங்கள். மீசை, புருவம், தாடி என்று முகமெல்லாம் முடி வளர்வது பூடலின் பரம்பரைக் குணம். எட்டு வாரத்தில், முடி வெட்டாமலேயே மூக்குத் தண்டு வழுவழுவென்று, லாப்ரடோர் போல இருந்தால் பெரும்பாலும் கலப்புதான். சுருள் மட்டும் போதாது. மால்டிஸ்-பூடல் குட்டிக்கும் சுருள் வரும். அது பூடலைவிடத் தளர்ந்து, அலை அலையாக இருக்கும்.

ஷிட்சுவுக்கு மூக்கின் மேல் முடி மேல்நோக்கி வளர்ந்து நாலா பக்கமும் விரியும், செவ்வந்திப் பூப் போல. மால்டிஸ் கலந்தால் மூக்கு நீளும், கண்கள் சற்றுப் பக்கவாட்டில் போகும். மால்டிஸ் என்றால் வெள்ளைதான். திட்டுத் திட்டாக அடர் பழுப்பு இருந்தால் வேறு இனம், பல சமயம் ஷிட்சு, உள்ளே இருக்கலாம்.

லாப்ரடோரின் வால் அடியில் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலிந்து, சுற்றிலும் அடர்ந்த குட்டை முடியோடு, நீர்நாய் வாலைப் போல இருக்க வேண்டும். கோல்டன்-லாப்ரடோர் கலப்பு லாப்ரடோர் போலவே இருக்கும், ஏனெனில் குட்டை முடிதான் ஓங்கும். வாலுக்கு அடியில் நீள முடி தொங்குகிறதா என்று நாலு மாதத்தில் தெரியும். அதற்குள் பணம் போயிருக்கும், அதனால் தாயைப் பாருங்கள்.

ரொட்வைலர் என்று சொல்லி விற்கப்படும் கம்பத்துக் குட்டிகள் தனி வகை. கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் பழுப்புப் புள்ளி, ‘நாலு கண்’ நாய் என்போமே, அது ரொட்வைலரின் தனிச்சொத்து இல்லை. தெருவிலும் நிறைய உண்டு. வித்தியாசம் எலும்பில் இருக்கிறது. முன்னங்காலை விரலால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள்: ரொட்வைலர் குட்டியின் கால் கட்டைபோலத் தடித்திருக்கும், மண்டை அகலமாக இருக்கும், எட்டு வாரத்தில் 6 கிலோ, அதற்கு மேலும் போகும். கம்பத்துக் குட்டி அதில் பாதி தேறினால் அதிகம். வயிறு மட்டும் உப்பி எடை காட்டினால் அது பூச்சி.

ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிக்கு எட்டு வாரத்தில் காது விழுந்திருப்பது இயல்பு. 5, 6 மாதத்துக்குள் நிமிரும். பல் முளைக்கும் காலத்தில் ஏறி இறங்கும். ‘காது நிக்கல, மிக்ஸ்’ என்று மூன்றாம் மாதத்தில் சொல்பவர்களை விடுங்கள்.

சைபீரியன் ஹஸ்கி பற்றி ஒரே வரி: நீலக் கண் இருந்தால்தான் ப்யூர் என்பது பொய். பழுப்புக் கண்ணும், ஒன்று நீலம் ஒன்று பழுப்பும் வரையறைக்கு உட்பட்டவையே. போதாததற்கு, சின்னக் குட்டிகள் எல்லா இனத்திலுமே நீலம் கலந்த கண்ணோடுதான் இருக்கும்.

மூன்று நிற பீகிள் பிறக்கும்போது கறுப்பு வெள்ளை; பழுப்பு பிறகுதான் தெளியும். வால் நுனி வெள்ளையாக இருக்க வேண்டும்.

நாக்கில் கரும்புள்ளி, இருபது நகம், கறுத்த மேலண்ணம்… இவையெல்லாம்?

எதுவும் சான்றாகாது. நாக்கில் புள்ளி பல இனங்களிலும் கலப்பு நாய்களிலும் வரும். சௌ சௌவுக்கு நீலக்கறுப்பு நாக்கு வேண்டும், ஆனால் அது பிறக்கும்போது இளஞ்சிவப்பாக இருந்து சில வாரங்களில் கறுக்கும். பின்னங்காலில் கூடுதல் நகம் இருந்தால் இருபது ஆகும். சில ஐரோப்பிய இனங்களைத் தவிர மற்றவற்றில் அதற்குத் தனி மதிப்பில்லை. கம்பத்து நாய்க்கும் இருபது நகம் உண்டு.

‘ரேர் கலர்’ என்று இரட்டை விலை சொல்கிறார்களே?

பெரும்பாலும் அது வரையறைக்கு வெளியே இருக்கும் நிறம். பிரெஞ்சு புல்டாக்கில் நீலம், லைலாக், மெர்ல், லாப்ரடோரில் ‘சில்வர்’, பொமரேனியனில் மெர்ல். சிலவற்றைப் பற்றி வளர்ப்பாளர்களிடையே வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. மெர்ல் அப்படியல்ல. சாம்பல் நிறத்தில் கறுப்புத் திட்டுகள் தெளித்தது போன்ற அந்த நிறத்தை ஓங்கிய மரபணு தருகிறது. பிரெஞ்சு புல்டாக்கின் பழைய வரிசையில் அது கிடையாது. இருந்தால் எங்கேயோ வேறு இனம் கலந்திருக்கிறது. மெர்ல் இரண்டைச் சேர்த்தால் பிறக்கும் குட்டிகளில் சில செவிடாகவோ குருடாகவோ பிறக்கும். அதிக விலை கொடுத்து ப்யூர் இல்லாததை வாங்குவது என்றால் இதுதான்.

‘டீகப்’ பூடல், ‘டீகப்’ பொம்?

அப்படி ஓர் அளவு எஃப்சிஐயில் இல்லை. பூடலில் மிகச் சிறியது டாய், 24 முதல் 28 சென்டிமீட்டர் உயரம். ‘டீகப்’ என்று காட்டும் குட்டி பல சமயம் வயது குறைந்த குட்டி: எட்டு வாரம் என்று சொல்லி ஐந்து வாரக் குட்டியைக் காட்டினால் கைக்குள் அடங்கத்தானே செய்யும்? இவ்வளவு சீக்கிரம் தாயிடமிருந்து பிரித்தால் இரண்டு வேளை சாப்பிடாததற்கே இரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம்.

வயதைப் பல்லில் பாருங்கள். பால் பல் 3 வாரத்தில் தொடங்கி 6 வாரத்துக்குள் பெரும்பாலும் முளைத்துவிடும். எட்டு வாரத்தில் 28 பல்லும் ஊசி மாதிரி இருக்கும். முன்பல் பாதிதான் தெரிகிறது, கடைவாயில் வெறும் ஈறு என்றால் எட்டு வாரம் ஆகவில்லை. எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு: விற்காமல் தங்கிய நான்கு மாதக் குட்டியை இரண்டு மாதம் என்பார்கள். நடுவில் இரண்டு முன்பல் மட்டும் அகலமாக, தட்டையாக முளைத்திருந்தால் அது நிரந்தரப் பல், குட்டிக்கு மூன்று மாதத்துக்கு மேல்.

‘தாய்லாந்து இம்போர்ட்’, ‘ரஷ்யா இம்போர்ட்’ என்றால்?

இம்போர்ட் என்றால் மூன்று காகிதம்: இறக்குமதி அனுமதி, அந்த நாட்டின் மருத்துவச் சான்று, அந்த நாட்டுக் கென்னல் சங்கம் கொடுத்த ஏற்றுமதி வம்சாவளிச் செர்ட். எல்லாவற்றிலும் ஒரே சிப் எண்.

இல்லாவிட்டால் கணக்குப் போட்டாலே தெரியும். தாய்லாந்து, வியட்நாம் போன்ற இடங்களில் ரேபீஸ் (வெறிநோய்) இருக்கிறது. அதற்கான தடுப்பூசி போட்ட பிறகே அங்கிருந்து கொண்டுவர வேண்டும், அதைப் பொதுவாக 12 வாரத்தில்தான் போடுவார்கள். அப்படியிருக்க ஒன்பது வாரக் குட்டி ‘நேத்துதான் பாங்காக்கிலிருந்து வந்தது’ என்றால், அது முறைப்படி வரவில்லை. எல்லை தாண்டிப் பெட்டியில் வந்த குட்டிகளில் பார்வோ என்ற குடல் வைரஸ் நோய் பரவுவதும் அதிகம். பார்க்கும்போது துள்ளும், வீட்டுக்கு வந்து 3 முதல் 7 நாளில் வாந்தியும் இரத்தப்பேதியும். பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்றிலும் 2015-ல் ரேபீஸ் வந்தது பலருக்கு நினைவிருக்கும். பினாங்கில் குட்டி வாங்குபவர் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிஎன்ஏ பரிசோதனை செய்துவிட்டால் முடிந்ததா?

இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். இனக் கண்டறிதல் பரிசோதனையில் குட்டியின் மரபணுவை அந்த நிறுவனத்திடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு ‘இத்தனை விழுக்காடு பூடல்’ என்பார்கள். பாதிக்குப் பாதி கலப்பைப் பிடிக்க இது நன்றாக உதவும். ஆனால் 100 விழுக்காடு என்று வந்தாலும் அதைக் காட்டி எம்கேஏ செர்ட் வாங்க முடியாது. 2, 3 விழுக்காடு வேறு இனம் என்று வந்தால் அதை வைத்து விற்றவரிடம் சண்டை போடவும் முடியாது. அது கணிப்பின் ஓரம்.

பெற்றோர் பரிசோதனை வேறு. குட்டி, தாய், தகப்பன் மூன்றின் மாதிரியும் எடுத்து, இதற்கு இதுதான் தகப்பனா என்று பார்ப்பது. ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். விலை கூடிய குட்டிக்கு இதைக் கேட்பது தப்பில்லை.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கெடுக்கிறார்கள். பால் குடித்த வாயில் தாயின் செல்கள் ஒட்டியிருக்கும்; சாப்பாடும் கெடுக்கும். ஒரு மணி நேரமாவது தாயிடமிருந்தும் மற்ற குட்டிகளிடமிருந்தும் பிரித்து, ஒன்றும் கொடுக்காமல் வைத்து, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியை அரை நிமிடத்துக்குமேல் அழுத்திச் சுழற்றுங்கள். எச்சில் மட்டும் போதாது, செல் வேண்டும். குச்சியின் நுனியைக் கையால் தொடாதீர்கள். மலேசியப் புழுக்கத்தில் ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். கிட்டில் தனித் திரவக் குழாய் இல்லை என்றால் நன்றாகக் காயவிட்டு உறையில் போடுங்கள்.

கடையில் வாங்குவது பாதுகாப்பா, வளர்ப்பாளரிடமா?

நல்ல வளர்ப்பாளரிடம். கடைக்குக் குட்டி எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே பல சமயம் தெரியாது. தாயைக் காட்ட அவரால் முடியாது. ஆனாலும் கடைக்கு ஒரு சாதகம் உண்டு: முகவரி ஓடிவிடாது. விலங்குநலச் சட்டம் 2015 நடைமுறைக்கு வந்தபின் குட்டி இனப்பெருக்கம் செய்து விற்பதற்கும் கடை வைப்பதற்கும் கால்நடைச் சேவைத் துறையின் லைசென்ஸ் தேவை. சுவரில் அது தொங்குகிறதா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். பெட்ரோல் நிலையத்திலோ, பட்டர்வொர்த் ஃபெர்ரி பக்கத்திலோ, நெடுஞ்சாலை ஓய்விடத்திலோ குட்டியை வாங்கிக்கொள்ளச் சொல்பவருக்கு இந்த இரண்டும் கிடையாது.

பிட்புல் மாதிரி இனங்களில் ‘மிக்ஸ்’ என்றால் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது, அதுவும் தலைகீழாக. பிட்புல், அகிதா, ஜப்பானிய தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ, நியாபோலிட்டன் மாஸ்டிஃப், அமெரிக்கன் புல்டாக் ஆகியவற்றை இறக்குமதி செய்யத் தடை. ரொட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், புல் டெரியர், புல் மாஸ்டிஃப் போன்றவை கட்டுப்பாட்டுப் பட்டியலில். ‘அமெரிக்கன் புல்லி’ என்று விற்கப்படும் குட்டியில் பிட்புல் இரத்தம்தான் ஓடுகிறது, அந்தப் பெயரில் எஃப்சிஐ இனமும் கிடையாது. கோலாலம்பூர் மாநகர் மன்றத்திலும் பினாங்குத் தீவு, செபராங் பிறை மாநகர் மன்றங்களிலும் நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம். கவுண்டரில் போய் நின்ற பிறகு தெரிந்துகொள்வதைவிட, இனத்தின் பெயரைச் சொல்லி முன்பே போன் போட்டுக் கேளுங்கள். காண்டோவில் இருந்தால் நிர்வாகத்தின் விதியையும் பாருங்கள்.

ரசீதில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

விற்பவரின் முழுப்பெயர், மைகாட் (அடையாள அட்டை) எண் அல்லது கம்பெனி பதிவு எண், முகவரி. இனம், பால், நிறம், பிறந்த தேதி, சிப் எண், தாய் தகப்பனின் பதிவு எண், விலை. இத்தோடு ஒரு வாக்கியம்: ‘இக்குட்டி தூய இனம் என்றும் எம்கேஏ செர்ட் இன்ன தேதிக்குள் தரப்படும் என்றும் உறுதி கூறி விற்கப்பட்டது.’ வாய்ப்பேச்சில் ‘கன்ஃபார்ம் ப்யூர்’ என்று பத்து முறை சொல்பவர் இந்த ஒரு வரிக்குக் கையெழுத்திடத் தயங்குவார். அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில். பணத்தை வங்கி வழி அனுப்புங்கள். கணக்குப் பெயர் ரசீதில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும்.

ஏமாந்துவிட்டோம். எங்கே போவது?

வியாபாரமாக விற்பவரிடம் வாங்கியிருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-ன்படி விற்ற பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். ‘பூடல்’ என்று விற்றுக் கொடுத்தது பூடல் இல்லை என்றால் அதுதான் வழக்கு. கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை, கட்டணம் 5 ரிங்கிட், 3 ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, பணம் அனுப்பிய சான்று, வெட் எழுதிக் கொடுத்த குறிப்பு, டிஎன்ஏ முடிவு ஆகியவற்றை அச்சடித்துக்கொண்டு போங்கள். விளம்பரத்தை முதல் நாளே படம் பிடித்து வையுங்கள். தகராறு வந்த அன்று மாலையே அது காணாமல் போகும்.

ஐந்து மாதமாகிறது. பொம் மாதிரியே இல்லை, முடியெல்லாம் கொட்டிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

கொஞ்சம் பொறுங்கள். பொமரேனியன் 4 முதல் 6 மாதத்துக்குள் குட்டி முடியை உதிர்த்து, கால் நீண்டு, முகம் ஒடுங்கி, குரங்குக்குட்டி போல ஒரு கட்டத்தைத் தாண்டும். ப்யூர் பொமுக்கும் அது வரும். பெரிய முடி திரும்ப ஒரு வயது, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் வெயிலுக்காக மொட்டை அடித்துவிடாதீர்கள், சில பொம்களுக்கு முடி சரியாகத் திரும்புவதில்லை. தோல் கறுத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கை விழுந்தால் அது இன விஷயமில்லை, வெட்டிடம் காட்டுங்கள்.

இந்த வயதில் நம்பத்தக்கது எடை. ஐந்து மாதத்தில் 5 கிலோவைத் தாண்டி இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் ஸ்பிட்ஸ் கலப்பு என்று கொள்ளலாம்.

செர்ட் இல்லாத குட்டிக்குத் தடுப்பூசி அட்டையிலும் லைசென்ஸ் பாரத்திலும் இனம் என்ன எழுதுவது?

தெரிந்ததை எழுதுங்கள்: ‘பொமரேனியன் மிக்ஸ்’, அல்லது வெறும் ‘மிக்ஸ்’. வெட் கிளினிக்கில் நீங்கள் சொல்வதைத்தான் எழுதிக்கொள்வார்கள், அவர்கள் இனத்தைச் சான்றளிப்பதில்லை. இதனால்தான் விற்பவர் காட்டும் தடுப்பூசி அட்டையில் ‘பூடல்’ என்று இருப்பதற்கும் மதிப்பில்லை. முதல் ஊசிக்குக் கொண்டுபோனவர் சொன்ன பெயர் அது.